முயலாட்ட குதிக்கற பூனைக்குட்டி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் முப்பது வருசத்துக்கு மேல ஈரோட்டுச் சுத்துவட்டாரத்துல கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. எதைப் பத்தி வேணாலும் பேசுங்கன்னு இந்த ஸ்டுடியோவுக்குக் கூப்புட்டாங்க, காங்கேயம் மாட்டைப் பத்தித்தான் பேசுவாருன்னு நெனச்சிருப்பாங்க, நான் பூனையப் பத்திப் பேசறனுங்கன்னு சொல்லிட்டன். பூனையிலயும் ஒரே ஒரு விசயந்தானுங்க. பொறக்கறப்பவே தண்டுவடத்துல கோளாறோட பொறக்கற குட்டிக.

உங்கள்ல பல பேரு பார்த்திருப்பீங்க. பொடக்காலியில பூனை நாலு குட்டி போட்டிருக்கும், மூணு குட்டி ஒரு மாசத்துல அட்டைப்பொட்டிய உட்டுக் குதிச்சு ஓடி வெளையாடும், ஒண்ணு மட்டும் பின்னங்கால் ரெண்டையும் ஒட்டுக்கா தூக்கி வெச்சு முயலாட்ட தத்தித் தத்தி வரும். வாலு இருக்காது, இல்லாட்டி கட்டைவெரல் நீளத்துக்கு மொண்டியா இருக்கும். ஒக்கார்ந்து எந்திரிச்ச தாவெல்லாம் ஈரம், பின்பக்கம் எப்பவும் நனைஞ்சு நாத்தம் அடிக்கும். ஊட்டுல என்ன சொல்லுவாங்க, சீக்குக் குட்டி, கோணியில போட்டு வாய்க்கா மேட்டுல உட்டுட்டு வாடாம்பாங்க. அந்தக் கோணிய நிறுத்தோணும்னுதானுங்க நான் இங்க வந்து ஒக்கார்ந்திருக்கறன்.

என்ன கோளாறுன்னா, ஈரோட்டு மஞ்ச மண்டியில மூட்டை தைக்கறதைப் பார்த்திருப்பீங்களே, அதை நெனச்சுக்குங்க. வயித்துக்குள்ள குட்டி உருவாகறப்ப முதுகுல தண்டுவடம் மொதல்ல தட்டையாத்தான் இருக்கும், அப்புறம் ரெண்டு ஓரமும் மடங்கி வந்து ஒட்டிக் குழாயாகும், அதுக்கு மேல எலும்பு வந்து மூடிக்கும். ஒரு தாவுல தையல் உட்டுப்போச்சுன்னா? சில குட்டிக்கு எலும்பு மட்டும் மூடாம நின்னுக்கும், மேலால பார்த்தா ஒண்ணுமே தெரியாது. சிலதுக்கு தையல் உட்ட சாக்குல மஞ்ச பிதுங்கற மாதிரி உள்ள இருக்கற சவ்வு பிதுங்கி வந்துரும், ரொம்ப மோசமாப் போனா சவ்வோட நரம்பும் சேர்ந்து வந்துரும். பூனைக்கு இது அதிகமா இடுப்புக்குக் கீழ, வால் ஆரம்பிக்கற பக்கம்தானுங்க வரும். மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் நரம்பு போறதும் அந்த இடத்துல இருந்துதான். அதனாலதான் நடையும் கெடுது, ஈரமும் நிக்கறதில்லை.

இதை எனக்குக் கத்துக் குடுத்தது ஒரு ஆத்தாவுங்க. தொண்ணூறுகள்ல பெருந்துறைப் பக்கம் ஒரு ஊர்ல நான் வேலையில இருக்கறப்ப, அந்த ஆத்தா மஞ்சப்பைக்குள்ள துண்டை விரிச்சு அதுல ஒரு குட்டியப் படுக்க வெச்சுத் தூக்கிட்டு வந்துச்சு. "ஏனுங் சாமி, இது முயலாட்ட குதிக்குதுங், எங்கூட்டுல தூக்கிப் போடச் சொல்றாங்க, எனக்கு மனசு வரலீங்"னு நின்னுச்சு. நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுப் பழகினவன். வாலு மேல வண்டி ஏறியிருக்கும்னு நானா முடிவு பண்ணி, ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பிட்டன். ஒரு பத்து நாள் கழிச்சுத் திரும்ப வந்துச்சுங்க. குட்டி வயிறு உடுக்கையாட்ட இறுகிக் கெடக்குது, சோறு திங்கல, மூஞ்சி செத்துப்போச்சு. அன்னைக்கு எனக்கு வந்த வெசனம் இன்னும் போகலீங்க, நான் பார்த்திருக்கோணும், பார்க்கல.

அப்பவே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனன், பூனை நாய் வைத்தியம் தெரிஞ்ச ஒரு டாக்டர்கிட்ட. அவரு ரெண்டு காரியம் செஞ்சாரு. பின்பக்கம் மலத்துவாரத்துக்குப் பக்கத்துல லேசாத் தொட்டாரு, நல்ல குட்டின்னா அந்த எடம் வெடுக்குனு சுருங்கும், இது அசையவே இல்லை. அடுத்தது வயித்தை ரெண்டு வெரல்ல புடிச்சு மெதுவா அழுத்துனாரு பாருங்க, மூத்திரம் போகுது போகுது, நிக்கவே இல்லை. குட்டி அப்படியே கண்ணை மூடி ஒடம்பைத் தளர்த்துச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா வால் எலும்பும் இல்ல, அதுக்கு மேல இருக்கற எலும்பும் பாதி இல்ல.

அந்த ஆத்தா அப்பக் கேட்டுச்சு, "சாமி, இதுதான் எந்நேரமும் சொட்டிக்கிட்டே இருந்துச்சுங்களே, அப்புறம் எப்படி உள்ள இத்தனை நின்னுச்சு?" எல்லாரும் ஏமாந்து போற எடம் இதுதானுங்க, நானும் இங்கதான் ஏமாந்தன். ஊருக்குள்ள மேல்நிலைத் தொட்டி நெறஞ்சா வழியுமில்லைங்க? வழியுதுன்னா தொட்டி காலின்னா அர்த்தம்? பை நெறஞ்சதே அதுக்குத் தெரியாது, சுருங்கி வெளிய தள்ளற சக்தியும் அதுக்குக் கெடையாது, நெறஞ்சு வழியறதுதான் அந்தச் சொட்டு. உள்ளயே நிக்கற மூத்திரத்துல கிருமி புடிச்சு, சிறுநீரகம் வரைக்கும் ஏறி, அதுலதான் குட்டி சாகும். முதுகுக் கோளாறுல சாகறதைவிட தேங்குன மூத்திரத்துல சாகறதுதான் நான் அதிகம் பார்த்தது.

டாக்டர் அந்தம்மாவுக்கே சொல்லிக் குடுத்தாரு. எடது கையால நெஞ்சைத் தாங்கிக்கோணும், வலது கையில கட்டைவெரல் ஒரு பக்கம், மத்த வெரலு மறுபக்கம், பின்னங்காலுக்கு முன்னால வயித்துல துழாவுனா எலுமிச்சம்பழமாட்ட ஒண்ணு தட்டுப்படும், அதை வாலுப் பக்கமா நிதானமா, விடாம அழுத்தோணும். வெடுக்குனு அமுக்கக் கூடாது, பை கிழிஞ்சுரும். ரெண்டு எருமைக்கும் ஒரு மாட்டுக்கும் தெனமும் பால் பீச்சற கை அது, ஒரே நாள்ல பழகிருச்சு. காலையில பால் கறக்கறதுக்கு முன்னால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, படுக்கறதுக்கு முன்னால ஒருக்கா. மலம் இறுகாம இருக்க மருந்து, வெதுவெதுன்னு தண்ணி வெச்சுத் தொடச்சுக் காய உடறது, அவ்வளவுதான் வைத்தியம். முயலுன்னே பேரு வெச்சு ஒம்பது வருசம் வளர்த்துச்சுங்க அந்த ஆத்தா. கட்டுத்தறியில எலி புடிச்சு ஆத்தா கட்டிலுக்கடியில கொண்டாந்து வெச்சுப்போடுமாம்.

இன்னொருக்கா சொல்றன், சொட்டுதுன்னா காலின்னு அர்த்தமில்லைங்க. ஆனா ஊட்டுலயே பார்த்துட்டு அமுக்கிராதீங்க, ஒரு தடவையாவது டாக்டர் கையப் புடிச்சுக் காட்டித்தான் பழகோணும், அடைப்பு இருக்கற பூனைய அமுக்குனா உசுருக்கே ஆபத்து. பொறந்ததுல இருந்து நல்லா ஓடிட்டு இருந்த பூனை திடீர்னு இப்படி ஆச்சுன்னா அது வேற கதை, கதவுல வால் மாட்டியிருக்கும், புள்ளைக புடிச்சு இழுத்திருக்கும், வால இழுத்தா மேல இருக்கற நரம்பும் அறுந்துரும்.

வாலில்லாத பூனைன்னா மேங்க்ஸ்னு ஒரு சாதி இருக்குதுங்க. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடல்ல ஐல் ஆஃப் மேன்னு ஒரு தீவு, அதோட ஊர்ப் பூனை. வால் இல்லாம ஆக்கற அதே ஜீன்தான் தண்டுவடத்தையும் கெடுக்குது. தாய்கிட்ட ஒண்ணு, தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பங்கும் ஒரு குட்டிக்கு வந்துச்சுன்னா அது கருவுலயே செத்துரும், ஒரு பங்கு வந்தா வாலில்லாம பொறக்கும், அதுல கொஞ்சம் குட்டிக்கு நான் சொன்ன கோளாறு எல்லாம் வரும். அதுக்காக மொண்டி வால் பார்த்தா எல்லாம் சீக்குன்னு நெனச்சுராதீங்க, ஜப்பான் பக்கத்துக் குட்டைவால் பூனைக்கு அது வேற ஜீன், முதுகு நல்லாவே இருக்கும். நம்மூர்லயும் குட்டைவாலோட நல்லா ஓடற பூனை எத்தனையோ பார்த்திருக்கறன். வாலைப் பார்க்காதீங்க, நடையப் பாருங்க, பின்பக்கத்து ஈரத்தைப் பாருங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு நிமிசம்னு வெரலைக் காட்டறாங்க. மனுசக் குழந்தைக்கு வர்றதைப் பத்தி நெம்பச் சொல்லோணும்னு இருந்தன், சுருக்கமா: இதே மாதிரிக் கோளாறோட முன்னால ஒரு குழந்தை பெத்த தாய்மாருக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை குடுத்துப் பார்த்து, மறுபடி அப்படி வர்றது 72 சதவீதம் கொறயுதுன்னு 1991ல ஒரு பெரிய ஆராய்ச்சியில தெரிஞ்சுது. உண்டாகறதுக்கு முன்னாலயே ஆரம்பிக்கோணும், மொதல் நாலு வாரத்துலயே அந்தத் தையல் முடிஞ்சுருது, டாக்டரைக் கேட்டு அதை உட்டுராதீங்கம்மா.

பூனைக்கு ஒண்ணு முக்கியம். படர்தாமரைக்கு கிரிசியோஃபல்வின்னு ஒரு மாத்திரை இருக்குது. மனுசருக்கு வாங்குனது மிச்சமிருக்குதுன்னு சினையா இருக்கற பூனைக்குக் குடுத்துராதீங்க, குட்டிக்கு முதுகு மூடாமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். சினை ஒம்பது வாரம், வயிறு தெரியறதுக்குள்ள பாதி நாள் போயிரும், அதனால பொட்டைப் பூனைக்கு எப்பவும் கேட்டுத்தான் குடுக்கோணும். கிரி-சியோ-ஃபல்-வின், எழுதி வெச்சுக்குங்க. அப்புறம், இந்தக் கோளாறு இருக்கற பூனைய குட்டி போட உடாம ஆபரேசன் பண்ணிருங்க, சரிங்க, நேரமாயிருச்சு, வர்றனுங்க.