காசு இளைச்சுப் போச்சா, சாமி? (சேலம் பட்டிமன்றத்தில் ‘வேதனையே’ அணிப் பேச்சு)

நடுவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்க அணித் தலைவிக்கும், எதிர்ல உக்காந்துக்கிட்டு ‘இவன் என்னத்தைப் பேசிடப் போறான்’னு பாக்குற விருந்தாளிகளுக்கும், செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையைச் சாத்திட்டு வந்திருக்கிற அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஐயா, பேசறதுக்கு முன்னாடி உங்க வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்க. ரெண்டு காசு வெக்கிறேன். ஒண்ணு ஒத்த ரூபாய், இன்னொண்ணு ரெண்டு ரூபாய். பாக்காதீங்க, அப்படியே மூடிக்குங்க. நான் முடிக்கிற வரைக்கும் விரலால தடவிக்கிட்டே இருங்க, கடைசியில கேப்பேன். லஞ்சம் இல்லீங்க. மூணு ரூபாய்க்கு எந்த நடுவரும் சாய மாட்டார்.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். புழக்கத்துல இருக்கிற காசோட உருவத்தை அடிக்கடி மாத்துறது, காசு சேக்கிறவங்களுக்கு விருந்தா, வேதனையா? நான் வேதனை அணி. 29 வருஷம் பஸ்ஸுல தோல் பை மாட்டினவன். பாதி சர்வீஸ் சேலம் டு ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. மத்தவங்களுக்கு அந்த ரோட்டுல தலை சுத்தும், எனக்குப் பை கனக்கும். நான் காசு சேக்கப் பழகினதே அந்தப் பையிலதான்.

எனக்கு முன்னாடி பேசின வங்கி அண்ணன் ஒரு போடு போட்டாரு. ‘மாத்தினாத்தானே சேக்கிறவனுக்கு வேலை? ஒரே காசா வந்துக்கிட்டிருந்தா ஒரு டப்பியோட முடிஞ்சிருமே’ன்னாரு. கை தட்டினீங்க. நானும் தட்டினேன், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

அண்ணே, ஒரே காசுக்குள்ள எத்தனை காசு இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? 1992-க்கு அப்புறம் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாயை எடுத்துக்குங்க. பத்து வருஷத்துக்கு மேல ஒரே முகம், ஒரே அளவு. ராத்திரி கடைசி டிரிப் முடிஞ்சு, டிப்போவுல கலெக்‌ஷன் கட்டுறதுக்கு முன்னாடி, டியூப்லைட்டுக்குக் கீழ உக்காந்து எல்லாத்தையும் பரப்புவேன். வருஷம் போட்டிருக்கும் பாருங்க, அதுக்குக் கீழதான் விஷயம். சாய்ஞ்ச கட்டம், வைரம் மாதிரி இருந்தா மும்பை. நட்சத்திரம்னா ஐதராபாத். புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லையா, கொல்கத்தா. நாலு நாணயச் சாலை, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வருஷம். பெருக்கிக்குங்க. வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு என் சட்டைப் பையில இருந்து பதில் காசு போட்டுருவேன். கணக்கு உதைக்காது, டப்பி நிறையும்.

ஒரு நாள் மஞ்சக்குட்டையில ஏறின ஒரு பையன் குடுத்த ரூபாயில, வருஷத்துக்குக் கீழ ஒரு எம், அதுகிட்ட ஒரு பொடி வட்டம். விசாரிச்சா மெக்சிகோவுல அடிச்சதாம்! அந்தச் சமயத்துல நம்ம சாலைங்களால அடிச்சு மாளாம, வெளிநாட்டுலயும் குடுத்து அடிச்சிருக்காங்க. மெக்சிகோவுல பொறந்த காசு மஞ்சக்குட்டையில பஸ் ஏறுது. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலைங்க. அந்தச் சின்ன வட்டம் ஏன் என் கண்ணுல பட்டுச்சு? மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்ததாலதான். எல்லாமே வேற வேறயா இருந்தா எதைத் தேடுறது?

பழைய கதைக்குப் போவோம். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். 1862-ன்னு வருஷம் போட்டாங்க, 1874 வரைக்கும் அதே 1862-ஐயே போட்டு அடிச்சாங்க. வருஷம்கூட மாறலை! மாறினது பின்பக்கத்துல வெச்ச பொடிப் பொடிப் புள்ளி. அந்தப் புள்ளியை எண்ணிக்கிட்டு லென்சும் கையுமா இன்னிக்கும் ஆளுங்க உக்காந்திருக்காங்க. பட்டறை அண்ணன்மாரே, கோவிச்சுக்காதீங்க, உங்க தாத்தாமாருங்க உருக்கிக் கொலுசாக்கின ரூபாயில எத்தனை அபூர்வப் புள்ளி போச்சோ!

சரி, இப்ப உடம்புக்கு வர்றேன். என் உடம்பு இல்லீங்க, காசோட உடம்பு. நம்ம சேலம் உருக்காலையில 1990-கள்ல இருந்து, அச்சு விழாத எவர்சில்வர் வில்லை வெட்டி நாணயச் சாலைங்களுக்கு அனுப்பியிருக்காங்க. காசுக்கு முகம் மும்பையிலயோ நொய்டாவுலயோ விழலாம், உடம்பு கஞ்சமலை அடிவாரத்துலயும் பொறந்திருக்கு. அந்த ஊர்க்காரனா எனக்கு ஒரு நியாயம் உண்டு. முகத்தை எப்பவாச்சும் மாத்துங்க, உடம்புல கையை வெக்காதீங்க.

வெச்சாங்க. 2011-ல ரூபாய்க் குறி போட்டு ஒரு புது வரிசை வந்துச்சு. அந்த 1 ரூபாயோட அளவு என்ன? சுமார் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். அது யாரு உடம்பு? பழைய எவர்சில்வர் 50 பைசாவோட உடம்பு. புது 2 ரூபாய்? 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். அது பழைய 1 ரூபாயோட உடம்பு. தம்பி சட்டையை அண்ணன் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். உலோகம் விலை ஏறிப்போச்சு, என்ன பண்றதும்பாங்க. ஏறட்டும். ஆனா மார்கழி மாசம் காலையில ஆறு மணிக்கு, பனி மூடின ரோட்டுல, பஸ்ஸுக்குள்ள விளக்கும் மங்கலா எரியறப்ப, கண்டக்டர் காசை எதால பாப்பான்? விரலாலதான் பாப்பான்.

நாகலூர்ல ஒரு அம்மாயி ஏறும். காப்பித் தோட்டத்து வேலை. இடுப்புல ஒரு சுருக்குப் பை. டிக்கெட்டுக்குக் காசு எடுக்கக் குனிஞ்சு பாக்கவே பாக்காது. ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே ரெண்டு விரலை உள்ள விட்டு, கேட்ட காசைக் கணக்கா எடுத்து நீட்டும். ஒரு நாள் எண்ணிப் பாத்தா ரெண்டு ரூபாய் கூட இருக்கு. மறுநாளும் அதே மாதிரி. எனக்குப் புரிஞ்சு போச்சு, ஒத்த ரூபாய்னு நினைச்சு புது ரெண்டு ரூபாயைக் குடுக்குது. ‘அம்மாயி, இது ரெண்டு ரூபாய்’னு உள்ளங்கையில திருப்பி வெச்சேன். அதையும் பாக்கலை. கட்டைவிரலால ஒரு தேய் தேய்ச்சுட்டு கேட்டுச்சு: ‘காசு இளைச்சுப் போச்சா, சாமி?’

அப்புறம் அந்த அம்மாயி காசைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்துத்தான் குடுத்துச்சு. எத்தனை வருஷத்துப் பழக்கம், போயிருச்சு.

எதிரணித் தங்கச்சி நல்ல பாயிண்ட் ஒண்ணு சொன்னாங்க, மறுக்க மாட்டேன். 2019-ல வந்த வரிசை பார்வை இல்லாதவங்களுக்காகவே யோசிச்சது. 1, 2, 5, 10, 20-ன்னு மதிப்பு ஏற ஏற எடையும் ஏறும். 20 ரூபாய்க்கு 12 பக்கம். அருமை! ஆனா பழசை யாரும்மா திரும்ப வாங்கினாங்க? 1992-ல வந்தது, நாலு திசையும் சேர்ற சிலுவைக் கோடு போட்டது, 2007-ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினது, 2011, இப்ப 20 மில்லிமீட்டருக்கு இளைச்சது, எல்லா ஒத்த ரூபாயும் ஒரே பையிலதானே கிடக்கு? (அந்த 2007 ரெண்டு ரூபாயில ரெண்டு விரல் இருக்கும். மீதி குடுத்தா பஸ்ஸுல பாதிப் பேரு, ‘என்ன கண்டக்டரு, ரெட்டை இலைக்கு ஓட்டுக் கேக்குறீங்களா’ம்பாங்க.)

இப்ப 10 ரூபாய். ரெட்டை உலோகக் காசு 2009-ல புழக்கத்துக்கு வந்துச்சு. 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டுச்சு: 14 வடிவம் இருக்கு, அத்தனையும் செல்லும். ஒம்பது வருஷத்துல 14 முகம்! பெத்த தாயே பேரை மாத்திக் கூப்பிட்டுருவா. 10 கோடு போட்டது நல்ல காசு, 15 கோடு போட்டது கள்ளக் காசுன்னு எவனோ கிளப்பி விட்டான், ஊரே நம்பிருச்சு. எனக்கு வர்ற 10 ரூபாய்க் காசை நான் வாங்கியாகணும். திருப்பிக் குடுத்தா, ‘நோட்டாக் குடுங்க’. தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு நீட்டினா, கடைக்காரர் கையைப் பின்னாடி கட்டிக்கிறாரு. ஒரு வங்கிக் கிளையிலயே ‘எண்ண ஆள் இல்லை’ன்னு என்னைத் திருப்பி அனுப்பினாங்க. 2022-ல தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருத்தர் 6 லட்ச ரூபாயை 10 ரூபாய்க் காசாவே கொண்டாந்து நம்ம சேலத்துல கார் வாங்கினது பேப்பர்ல வந்துச்சே, அவரு என்ன நாணயச் சேகரிப்பாளரா? யாருமே வாங்க மாட்டேங்கிறாங்களேங்கிற ஆத்திரம்!

இதுல சேக்கிறவனுக்கு என்ன வேதனைன்னு கேப்பீங்க. இங்கதான் இருக்கு. காசு ஊருக்குள்ள ஓடினாத்தான் என் கைக்கு வரும். ஜனம் சந்தேகப்பட்டு ஒதுக்கிட்டா அது உண்டியல்லயும் சாக்குலயும் முடங்கிரும். அந்த 14-ல என் பைக்கு வந்தது ஆறுதான். மீதி எட்டை டீலர்கிட்ட, போட்ட மதிப்பை விடக் கூடுதலாக் குடுத்து, பிளாஸ்டிக் உறையோட வாங்கினேன். அதைச் சேகரிப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மேட்டூர் மீனைக் கடையில வாங்கிட்டு வந்து, தூண்டில் போட்டுப் பிடிச்சேன்னு வீட்டுல சொல்ற மாதிரி இருக்கு. போதாக்குறைக்கு, புது முகம் வர வர ‘இந்தச் சாமி படம் போட்ட 5 ரூபாய் இருந்தா லட்சம் தர்றோம்’னு போன்ல ஒரு கூட்டம். நம்பிப் பணம் கட்டி ஏமாறாதீங்கன்னு 2021-ல ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விடுற அளவுக்குப் போயிருச்சு.

அமெரிக்காவைப் பாருங்கன்னாங்க. 1999-ல இருந்து 2008 வரைக்கும் மாநிலத்துக்கு ஒண்ணா 50 கால் டாலர். பாத்தேன். ஒரு வருஷத்துக்கு அஞ்சுன்னு முன்கூட்டியே சொல்லிட்டுச் செஞ்சாங்க. அளவு மாறலை, எடை மாறலை, முன்பக்கத்துல வாஷிங்டன் 1932-ல இருந்து அசையாம உக்காந்திருந்தாரு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். இதைச் சொன்னதுக்கு எதிரணிக்கு நன்றி, இது எங்க கட்சிக்குச் சாட்சி.

வள்ளுவரை வெச்சு மடக்கப் பாத்தாங்க. 1995-ல தஞ்சாவூர்ல நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் காசு, அண்ணா நூற்றாண்டுக்கு அவரோட தமிழ்க் கையெழுத்தோட வந்த 5 ரூபாய். ‘இதெல்லாம் வேண்டாமா?’ன்னு கேட்டாங்க. யாரு வேண்டாம்னா? அண்ணா காசு கிடைச்ச அன்னிக்கு டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்தவன் நான். எப்பவாச்சும் வந்துச்சு, அதனால இனிச்சுச்சு. ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்கு வெச்சா அது பொங்கல். அதையே வீட்டுல தினம் வெச்சா அதுக்குப் பேரு சோறு.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். ஐயா, கையைத் திறக்காதீங்க. எது ஒண்ணு, எது ரெண்டு? இத்தனை நேரம் தடவினீங்களே. சுண்டுவிரல் பக்கம் இருக்கிறது ரெண்டுங்கிறீங்களா? நிச்சயமா? சரி, இப்பத் திறந்து பாருங்க.

சிரிக்கிறாரு. நீங்க என்ன வேணா தீர்ப்பு சொல்லுங்க ஐயா, அந்த ஒத்த ரூபாயை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துருங்க. அதுதான் அந்த மெக்சிகோ காசு. ரெண்டு ரூபாயை நீங்களே வெச்சுக்குங்க.