இளம் நாயுடன் முதல் பறவை வேட்டைப் பயணம்: எந்தப் பறவை, எந்த வாரம், எந்தக் காடு?

[காட்சி: அமெரிக்க வரைபடம். மேலே ஏரிகளை ஒட்டிய மூன்று மாநிலங்கள் நிறம் மாறுகின்றன.]

அமெரிக்காவில் பொது நிலத்தில் பறவை வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மாநிலத்தில் பறவை அதிகம்?" நாலைந்து பருவம் பார்த்த நாய் கையில் இருந்தால் அந்தக் கேள்வி போதும். உங்களிடம் இருப்பது எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையிலான செட்டரோ, பிரிட்டனியோ, ஷார்ட்ஹேர்டு பாயின்டரோ என்றால் வேறு கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பறவை இந்த நாய் வரும்வரை இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்?

காரணம் இதுதான். பாயின்ட் நாயின் வேலை, காற்றில் வரும் வாசனையைப் பிடித்ததும் பறவையைக் கிளப்பாமல் அப்படியே உறைந்து நிற்பது. நீங்கள் நடந்துபோய்ப் பறவையைக் கிளப்புவீர்கள். "நில்" என்ற கட்டளையை வீட்டுத் தோட்டத்தில் பழக்கலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பறவைதான் கற்றுத்தர முடியும். ஓரடி கூடுதலாகப் போனால் பறந்துவிடும், முன்பே நின்றால் உட்கார்ந்திருக்கும். ஒரு நாளில் இந்தப் பாடம் நாலைந்து முறையாவது நடக்கிற இடம்தான் நல்ல பயணம். பையில் எத்தனை பறவை விழுந்தது என்பது இந்த ஆண்டின் கணக்கே இல்லை.

[காட்சி: நாணல் நடுவே ஓடும் சேவல் ஃபெசன்ட்]

இந்த அளவுகோலை வைத்தால் மிகப் பிரபலமான பயணம் முதலில் அடிபட்டுப் போகும். தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்ற நீண்ட வால் கோழியினப் பறவையின் வேட்டை அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 சேவல், காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது. பறவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபெசன்ட் சேவல் ஓடும். நாய் நிற்கும், பறவை நாணலுக்குள் நழுவும், நாய் இரண்டடி ஊர்ந்து மறுபடி நிற்கும், பறவை இன்னும் இருபது அடி தள்ளிப்போகும். ஒரே காலையில் நாய் புரிந்துகொள்வது, "நிற்பதால் பயனில்லை, துரத்து" என்பதுதான். அதோடு பெட்டையைச் சுடக்கூடாது. நாய் கச்சிதமாகப் பெட்டையைப் பாயின்ட் பிடித்தால் நீங்கள் துப்பாக்கியைத் தூக்க முடியாது. முதல் வாரத்தில் வேட்டைக்காரர் கூட்டம் வேறு. இதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெவாடா, இடாஹோ பக்கத்துச் சுக்கர் கௌதாரி வேட்டையும் வேண்டாம். செங்குத்தான பாறைச் சரிவு, மேல்நோக்கி ஓடி, கீழ்நோக்கிப் பறக்கும் பறவை. வளர்ந்து முடியாத மூட்டுக்கும், உரம் ஏறாத பாதத்துக்கும் அது தண்டனை.

மிஞ்சுவது இரண்டு. அக்டோபரில் வுட்காக், செப்டம்பரில் புல்வெளி கிரௌஸ் என்ற கோழியினப் பறவை. காட்டுப்பக்கம் போக வழி இருந்தால் வுட்காக்தான் எங்கள் முதல் பரிந்துரை.

[காட்சி: இலைச் சருகு. பறவை இருப்பதே தெரியவில்லை, கேமரா நெருங்குகிறது.]

வுட்காக் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். நீண்ட அலகை ஈரமண்ணில் குத்தி மண்புழு தின்னும். சருகு நிறத்தை நம்பி உட்கார்ந்தே இருக்கும். நாய் ஒரு மீட்டர் நெருங்கினாலும் பல சமயம் கிளம்பாது. இளம் நாய் தப்பு செய்தால் மன்னிக்கிற பறவை. அதே காட்டில் ரஃப்டு கிரௌஸ் என்ற காட்டு வகையும் இருக்கும். அது நேர் எதிர்: சிறு ஓசைக்கே பறந்துவிடும். இரண்டும் கலந்து கிடைப்பது நல்லதுதான். ஒன்று தன்னம்பிக்கை தரும், மற்றது அவசரத்தைக் குறைக்கும். ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். சில நாய்களுக்கு வுட்காக்கை வாயில் எடுக்கவே பிடிக்காது. பாயின்ட் பிடிக்கும், விழுந்த இடத்தைக் காட்டும், எடுத்துவராது. அதற்காகக் கண்டிக்காதீர்கள்.

இடம் என்று பார்த்தால் மினசோட்டாவில் சிப்பெவா தேசியக் காடு, விஸ்கான்சினில் செக்வாமகன்-நிக்கொலே, மிச்சிகன் மேல் தீபகற்பத்தில் ஹியாவாத்தாவும் ஒட்டாவாவும். எல்லாமே பொது நிலம். கூட்டாட்சி வனத்துறை பொறுப்பில் இருப்பவை. இவற்றைச் சுற்றி மாநில, மாவட்டக் காடுகளும் உண்டு. ஆனால் காடு முழுவதும் பறவை இருக்காது. தேட வேண்டியது மரம் வெட்டப்பட்டு 5 முதல் 15 ஆண்டு ஆன, ஆஸ்பென் மரம் மீண்டும் அடர்ந்து வளரும் காட்டுத் துண்டுகளையும், ஓடையோர ஆல்டர் புதர்களையும். வனத்துறை வெளியிடும் மரவெட்டு வரைபடத்தில் வெட்டிய ஆண்டு இருக்கும். அதைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, பத்துப் பன்னிரண்டு துண்டுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். களத்தில் ஒரு எளிய சோதனை போதும். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சுலபமாக நடக்க முடிந்தால் அந்தக் காடு வயதாகிவிட்டது. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தோளைச் சாய்த்து நுழைய வேண்டியிருந்தால் சரியான இடம்.

தரையைப் பாருங்கள். சுண்ணாம்பு தெளித்தது போன்ற வெள்ளை எச்சம், ஈரமண்ணில் பென்சில் குத்திய மாதிரி ஓட்டைகள். எச்சம் ஈரமாகப் பளபளத்தால் பறவை அருகில் இருக்கிறது. காய்ந்து உதிர்ந்தால் அது கடந்து போய்விட்டது.

[காட்சி: நாட்காட்டி. அக்டோபர் 10 முதல் 20 வரை வட்டமிடப்படுகிறது.]

இனி வாரம். வுட்காக் வலசைப் பறவை என்பதால் பருவ நீளத்தைக் கூட்டாட்சி அரசு வரையறுக்கிறது: 45 நாள், நாளொன்றுக்கு 3 பறவை. இந்த மூன்று மாநிலங்களிலும் செப்டம்பர் நடுவிலோ பிற்பாதியிலோ தொடங்கி, அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ முடிந்துவிடும். செப்டம்பரில் இலை உதிர்ந்திருக்காது. நாய் பத்தடியில் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது; வெயிலும் கொசுவும் வேறு. அக்டோபர் 10 முதல் 20 வரை இலை விழுந்திருக்கும், கனடாப் பக்கத்திலிருந்து வலசைப் பறவைகளும் இறங்கும். வடமேற்குக் காற்றோடு குளிர் இறங்கிய மறுநாள் காலை நேற்றுக் காலியாக இருந்த புதரில் பறவை இருக்கும். மாத இறுதிக்குத் தள்ளிப்போட்டால் தரை உறைய ஆரம்பிக்கும், அலகு மண்ணில் இறங்காது, பறவை தெற்கே போய்விடும். அதையடுத்து மான் வேட்டை. மினசோட்டாவில் நவம்பர் முதல் வாரத்தை ஒட்டி, மிச்சிகனில் நவம்பர் 15. ரைபிள்கள் காட்டில் இருக்கும் நாட்களில் இளம் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

அக்டோபர் விடுமுறை கிடைக்காதவர்களுக்கு இரண்டாவது வழி. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் சாமுவேல் ஆர். மெக்கெல்வி தேசியக் காடு, தெற்கு டகோட்டாவில் ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளி. ஒவ்வொன்றும் சுமார் 1,16,000 ஏக்கர். புல்வெளி கிரௌஸ் வகைகளான ஷார்ப்டெயிலும் பிரெய்ரி சிக்கனும் இரண்டிலும் உண்டு. நெப்ராஸ்காவில் செப்டம்பர் 1-லேயே பருவம் தொடங்கும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் அப்போது நன்றாக உட்கார்ந்து கொடுக்கும். அக்டோபர் நடுவில் கூட்டம் சேர்ந்து, நூறு கெஜத்துக்கு அப்பாலேயே எழுந்துவிடும். திறந்தவெளியில் நாய் செய்வதெல்லாம் கண்ணெதிரே நடக்கும், அது பெரிய வசதி. அதற்குக் கொடுக்கும் விலை வெயில்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் அன்றைய வேட்டை முடிந்தது; 106 என்றால் உயிருக்கு ஆபத்து. இளம் நாய்க்குத் தானாக நிற்கத் தெரியாது. நாக்கு அகன்று நுனி சுருண்டால், கூப்பிட்டும் திரும்பாமல் தள்ளாடினால், உடனே நிழல். வயிறு, தொடையிடுக்கில் தண்ணீர், பிறகு கால்நடை மருத்துவர். காற்று வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் நாயைக் கூண்டில் ஏற்றிவிடுங்கள். செப்டம்பரில் அது காலை ஒன்பது, ஒன்பதரை மணிக்கே நடக்கலாம். 25 கிலோ நாய்க்கு ஓய்வு நாளிலேயே ஒன்றரை லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். வேட்டையில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு உங்கள் முதுகில் சுமந்து போங்கள். மாட்டுக் குட்டைகளை நம்ப வேண்டாம். பச்சை பெயின்ட் கொட்டியது போலத் தெரியும் நீலப்பசும்பாசி நச்சு சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடும். ராட்டில்ஸ்னேக் பாம்பும் அந்த மாதத்தில் சுறுசுறுப்பாக இருக்கும்.

[காட்சி: "நடந்து மட்டும் வரலாம்" என்ற அறிவிப்புப் பலகை, பின்னால் அறுவடை முடிந்த வெறும் வயல்]

வரைபடத்தில் இன்னொரு வகை நிலமும் தெரியும். வடக்கு டகோட்டாவில் பிளாட்ஸ், தெற்கு டகோட்டாவில் வாக்-இன் ஏரியா, மொன்டானாவில் பிளாக் மேனேஜ்மென்ட். இவை தனியார் நிலங்கள். மாநில அரசு விவசாயியோடு ஒப்பந்தம் போட்டு வேட்டைக்குத் திறந்துவிடுகிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். வறட்சி ஆண்டில் புல்லை அறுக்கவும் மாடு மேய்க்கவும் அனுமதி கொடுத்துவிடுவார்கள். வரைபடத்தில் நிறம் அப்படியே இருக்கும், போய்ப் பார்த்தால் கணுக்கால் உயரப் புல். தேசியப் புல்வெளியிலும் மேய்ச்சல் உண்டு, ஆனால் பரப்பு பெரிது, அடுத்த பகுதிக்கு மாறிக்கொள்ளலாம். வடக்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பருவத்தின் முதல் வாரம் வெளிமாநிலத்தவர் பிளாட்ஸ் நிலத்தில் வேட்டையாடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. வெளிமாநிலச் சிறுவேட்டை உரிமம் வேண்டும். வுட்காக்குக்கு ஹிப் எனப்படும் வலசைப் பறவை வேட்டைக்காரர் பதிவு கட்டாயம். நீர்ப்பறவை வேட்டைக்கான கூட்டாட்சி வாத்து முத்திரை தேவையில்லை. வலசைப் பறவை என்பதால் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். நீர்ப்பறவை உற்பத்திப் பகுதி என்ற பலகை உள்ள நிலத்தில் ஈய ரவைக்குத் தடை, எஃகு, பிஸ்மத் போன்ற நச்சற்ற ரவை மட்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று: கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதே குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

[காட்சி: பயிற்சிப் புல்வெளி, புறா பறக்கிறது, நாய் துரத்துகிறது]

அறை பதிவு செய்வதற்கு முன் நாய் மூன்றில் தேற வேண்டும். ஒன்று, முயல் ஓடும்போதும் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இரண்டு, கூண்டில் எட்டு மணி நேரம் பயணம் செய்து, புது இடத்தில் இரவு தூங்க வேண்டும். தூங்காத நாய் மறுநாள் மூக்கைப் பயன்படுத்தாது. மூன்றாவதுதான் உயிர்நாடி: வெடிச்சத்தம். புறாவைத் துரத்துகிற மும்முரத்தில் இருக்கும்போது நூறு மீட்டருக்கு அப்பால் வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டும். நாய் சட்டை செய்யவில்லை என்றால், பல நாட்களில் சிறுகச் சிறுக நெருங்கி, கடைசியில் இருபது கேஜ் வேட்டைத் துப்பாக்கி. காட்டில்தான் முதல் வெடியைக் கேட்கப்போகிறது என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். வெடிக்குப் பயந்த நாயைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், சில நாய்கள் தேறுவதே இல்லை.

களத்தில் ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் ஓய்வு. கூட வருபவர் ஒருவர் போதும். நாலு துப்பாக்கி சேர்ந்தால் நாய் யாரைப் பின்பற்றுவது? அனுபவமுள்ள நாய் இருந்தால் தனித்தனியாக விடுங்கள், இல்லாவிட்டால் சின்னது பெரியதன் வாலைத்தான் வேட்டையாடும். நாய் நின்று, நீங்கள் கிளப்பிய பறவையை மட்டும் சுடுங்கள். நாய் முட்டிக் கிளப்பிய பறவை எவ்வளவு சுலபமாகப் பறந்தாலும் விட்டுவிட வேண்டும். சுட்டால் முட்டியதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். முழுச் சாப்பாடு இரவில். காலையில் வயிறு நிறையப் போட்டு ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இடையிடையே ஒரு வாய் மட்டும்.

வடகாட்டில் அடிக்கடி நேர்வது முள்ளம்பன்றி முள். முள்ளை வெட்டாதீர்கள். உடையும், உள்ளே நகரும். ஓரிரண்டு என்றால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வாய்க்குள் போயிருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அருகிலுள்ள அவசரக் கால்நடை மருத்துவமனையின் எண்ணை முன்பே தாளில் எழுதி வையுங்கள், உள்காட்டில் செல்போன் எடுக்காது. விலங்குப் பொறிக் கண்ணிகளுக்காகக் கம்பிவெட்டி சட்டைப்பையில் இருக்கட்டும். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை, கூடவே சாதாரண மணி. மணி நின்றால் பாயின்ட் என்று திரையைப் பார்க்காமலே தெரியும். விஸ்கான்சினில் ஓநாய் நாயைத் தாக்கிய இடங்களை மாநில இயற்கைவளத் துறை வரைபடமாக வெளியிடுகிறது. அந்த வட்டங்களுக்குள் போகாதீர்கள். மாலையில் காது, கண் ஓரம், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள், உண்ணிக்காகவும் புல் முனைகளுக்காகவும்.

[காட்சி: வரைபடத்தில் ஓடைகள் நீலமாக ஒளிர்கின்றன]

போன இடத்தில் பறவை இல்லாவிட்டால்? ஒரே புதரில் நாள் முழுக்கச் சுற்றாதீர்கள். நல்ல வயதுடைய இரண்டு துண்டுகளை முழுதாக நடந்தும் புது எச்சம் கண்ணில் படவில்லை என்றால் மண்ணைக் காலால் கிளறிப் பாருங்கள். வறண்டிருந்தால் புழு ஆழத்துக்குப் போயிருக்கும். மேட்டு ஆஸ்பெனை விட்டுவிட்டு ஓடையோர ஆல்டருக்கு இறங்குங்கள். மண் ஈரமாக இருந்தும் பறவை இல்லையென்றால் முந்தைய இரவே வலசை கிளம்பியிருக்கலாம். 60, 80 கிலோமீட்டர் தெற்கே வண்டியை ஓட்டுங்கள். அதற்காகத்தான் அறையை மொத்தமாக ஒரே ஊரில் பதிவு செய்யாமல், இரண்டிரண்டு இரவாக இரண்டு ஊர்களில் பிரித்துப் பதிவு செய்யச் சொல்கிறோம்.