ஆற்றங்கரையில் யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் காலம் இது. பாலக்கோட்டிலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் தாத்தா பாட்டி வீடுகள் நிறைந்துவிடும். ஒரு நாள் ஒகேனக்கல், இன்னொரு நாள் கிருஷ்ணகிரி அணை என்று திட்டம் போடாத வீடு இருக்காது. போய் வாருங்கள், பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சி வேண்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பெரியவரை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

"இத்தனை பேர் கூடவே இருந்தோமே!" என்று கரையில் கதறும் குரலை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான், கூடவேதான் இருந்திருப்பார்கள். ஒகேனக்கல்லில் ஒரு குடும்பம் வந்து இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். அப்பா எண்ணெய் மசாஜுக்குக் கண்ணை மூடிப் படுத்துவிடுகிறார். அம்மா மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, சமைக்கும் பெண்மணியிடம் காரம் குறைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாட்டி பைகளுக்குக் காவல். பிள்ளைகள் மாமாவோடு இருக்கிறார்கள் என்று அப்பா நினைக்கிறார். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று மாமா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளையின் மீது ஒரு கண்கூட இல்லை. எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு யாருடைய கையிலும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள்: "தம்பி, இந்த அரை மணி நேரம் நீ பார்த்துக்கொள். அடுத்து நான் வருகிறேன்." மாறும்போதும் அப்படியே சொல்லி மாறுங்கள். மது அருந்தியவரிடம் மட்டும் இந்தப் பொறுப்பு போகவே கூடாது.

தண்ணீரில் சிக்கிய பிள்ளை கத்தும், கையை வீசும், நமக்குக் கேட்டுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். கத்த நேரம் இருக்காது. கைகள் தண்ணீரை அழுத்தித் தலையை மேலே தூக்கப் பார்க்கும். உயர்த்தி ஆட்ட வராது. உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், முடி கண்ணை மறைக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுகிறது என்றுதான் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே உள்ளே போய்விடும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், உடனே எழுந்து போய்ப் பாருங்கள். சிறு குழந்தை என்றால் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருங்கள். காற்றடைத்த ரப்பர் வளையத்தை நம்பி விலகாதீர்கள். அது கவிழ்ந்தால் பிள்ளையின் தலை கீழே போய்விடும்.

காவிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். ஆனால் மேலே கர்நாடகத்துப் பகுதியில் மழை கொட்டினாலோ, அங்குள்ள அணைகளைத் திறந்தாலோ, அந்த நீர் பிலிகுண்டுலு வழியாக நம்மிடம் வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கிச் சிவப்பாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சற்று முன் தெரிந்த பாறை மறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளோடு மேலேறிவிடுங்கள். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. "ஐந்து நிமிடம்தானே" என்று பரிசல்காரரைக் கெஞ்சாதீர்கள். தடை இல்லாத நாளிலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் ஏற்றாதீர்கள். மாட்டிவிட்ட பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரியது. தண்ணீரில் உருவிக்கொண்டு போய்விடும். வேறு அளவு கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஆற்றைவிட எனக்குக் கவலை தருபவை ஊர்க் கிணறும் கல்குவாரிக் குட்டையும்தான். அங்கே காவலர் கிடையாது, எச்சரிக்கைப் பலகையும் பெரும்பாலும் கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, பார்க்க அழகாகப் பச்சையாகக் கிடக்கும். கரை என்று ஒன்றே இல்லாமல் விளிம்பிலிருந்து நேராக ஆழத்துக்கு இறங்கும். இறங்கியவன் பிடித்து ஏற ஒரு பிடிமானமும் இராது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாது. வந்த முதல் நாளே தாத்தாவோ மாமாவோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கிணறு எங்கே, குட்டை எங்கே என்று காட்டி, எங்கே தனியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர்களில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் உடன் இறங்கிக் கற்றுக்கொடுத்தால், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், இந்த விடுமுறைக்கு அதைவிடப் பெரிய பயன் இல்லை.

போகும் வழியைப் பற்றியும் சில சொற்கள். நிறுத்திய காரில் பிள்ளையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிதாகக் குறையாது. இருசக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. கூட்டமான இடத்துக்குப் போகும் காலையில் பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; சட்டையின் உள்பக்கம் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் தாமதிக்காமல் 112 அல்லது 1098 எண்ணை அழையுங்கள்.

இனி, யாராவது தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டால் என்ன செய்வது? பிள்ளையைக் காப்பாற்றக் குதித்த அண்ணன், அண்ணனைக் காப்பாற்றக் குதித்த சித்தப்பா என்று ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் போன உயிர்கள் உண்டு. மீட்கப் பழகாதவர்கள் குதிக்காதீர்கள். உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே எதையாவது எறியுங்கள், நீட்டுங்கள். சமையல் எண்ணெய் வரும் 10 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் காலி செய்து மூடியை இறுக்கி, கைப்பிடியில் நீளமான கயிறு கட்டி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மூழ்குபவர் முகம் தண்ணீருக்கு மேலே நிற்க அது போதும். கயிறு இல்லையென்றால் சேலை, துண்டு, நீண்ட கொம்பு எதுவும் உதவும். நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு நீட்டினால் உங்களை இழுத்துவிடாது.

கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். இந்தப் பழக்கத்தில் பொன்னான நேரம் போய்விடுகிறது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும்பும் அளவுக்கு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி வேகமாக 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதுங்கள். இதையே தொடருங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46 கிலோமீட்டர்; பெண்ணாகரம் அரசு மருத்துவமனைக்கே மலைப்பாதை ஏறித்தான் வர வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மூச்சு உங்களுடையதுதான்.

பிள்ளை இருமிக் கண் விழித்து, அம்மா என்று அழைத்துவிட்டாலும் நேராக வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். அன்றே மருத்துவரிடம் காட்டி, அவர் போகலாம் என்று சொன்ன பிறகு அழைத்துச் செல்லுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.