நாலு மரம்தானே?

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டை மொட்டையடித்தால் யார் கண்ணுக்கும் தெரியும். இன்றைக்கு நான் பேச வந்தது கண்ணுக்கு அவ்வளவாகப் படாத வெட்டைப் பற்றி. நல்ல விலை போகும் பெரிய மரங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுகிற முறை இது. தேர்வு வெட்டு என்பார்கள். காங்கோ காடுகளில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவில் எட்டு, பத்து என்று போகும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் போர்வை கலையாமல் இருப்பதுபோலத் தெரியும். பிரேசிலின் அமேசான் பகுதியில் 1999 முதல் 2002 வரை ஆண்டுக்குச் சுமார் 12,000 முதல் 20,000 சதுர கிலோமீட்டர் வரை இப்படி வெட்டப்பட்டது, செயற்கைக்கோள் படங்களைப் புது முறையில் அலசிய பிறகுதான் வெளியே வந்தது.

"அத்தனை மரத்தில் நாலு மரம்தானே?" என்று கேட்கத் தோன்றும். சரி, அந்த நாலில் ஒன்று விழுவதைப் பார்ப்போம்.

ஐம்பது மீட்டர் உயர மரம் அது. உச்சியில் அதையும் அக்கம்பக்கத்து மரங்களையும் தொடை கனத்துக் கொடிகள் பின்னிப் பிணைத்திருக்கின்றன. அடியில் ரம்பம் போட்டதும் மரம் தனியாகச் சாய்வதில்லை, கொடி பிடித்த மரங்களையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. பிறகு அடிமரத்தை இழுத்துப்போக டிராக்டர் வருகிறது. அது போன தடத்தில் மண் கல்லாக இறுகிவிடும். பெய்கிற மழை உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். பல மாதம் முன்பே கொடிகளை அறுத்துவிட்டு, மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும், டிராக்டர் எந்த வழியில் போக வேண்டும் என்று திட்டமிட்டு வெட்டினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், செலவும் கொஞ்சம் கூடும்.

உயிரினங்களுக்கு என்ன ஆகிறது? உலகம் முழுவதும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2014ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வந்தது. ஹெக்டேருக்கு 38 கன மீட்டர் மரம் எடுத்தால் பாலூட்டி இனங்களின் எண்ணிக்கை பாதியாகிறது. தவளை வகைகளுக்கு அந்த எல்லை 63 கன மீட்டர். பறவையிலோ கதை தலைகீழ்: வெட்ட வெட்ட இனங்கள் கூடுகின்றன!

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில் புதர் மண்டுகிறது, பூக்கிறது, காய்க்கிறது. காட்டோரத்துச் சின்னான்களும் தேன்சிட்டுகளும் உள்ளே வந்துவிடுகின்றன. அடிக்காட்டு இருட்டில் பூச்சி பிடித்துத் தின்னும் தீக்காக்கையும் சிலம்பன்களும் குறைந்துகொண்டே போகின்றன. வந்தவை எங்கேயும் பிழைக்கக்கூடியவை. குறைந்தவற்றில் பலவற்றுக்கு அந்த இருட்டை விட்டால் போக்கிடம் இல்லை. இருபது போய் முப்பது வந்தால் பத்து லாபம் என்று எழுதிவைப்பது கடைக்கணக்கு. எந்த இருபது போனது என்று கேட்காத கணக்கெடுப்பை நான் நம்புவதில்லை.

போர்னியோவின் பெரிய மரங்களில் பல, நமக்குத் தெரிந்த குங்கிலிய மரத்துக்குப் பங்காளிகள். அவற்றின் காயைக் கையில் எடுத்துப் பார்த்தால், கொட்டைக்கு மேல் நீண்ட இறக்கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பம்பரம் மாதிரி சுழன்று இறங்கும். இறக்கை இருந்தும் வெகுதூரம் போகாது, பெரும்பாலும் தாய்மரத்தின் பக்கத்திலேயே விழும். ஆண்டுதோறும் காய்ப்பதும் கிடையாது. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் காடே ஒன்றாகப் பூத்துக் காய்த்துக் கொட்டும். தாடிப்பன்றிகள் கூட்டங்கூட்டமாக வந்து தின்னும். தின்று தீராத அளவுக்குக் கொட்டினால்தான் மிச்சம் முளைக்கும். விதை மண்ணில் காத்துக் கிடக்கிற ஜாதி இல்லை. சில நாளில் முளைக்காவிட்டால் செத்தது. இப்போது யோசியுங்கள். வெட்டு விதிகளின்படி எடுக்கப்படுவது குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட மரங்கள், அதாவது நன்றாகக் காய்க்கிற தாய்மரங்கள். அவை போன பிறகு கொட்டுகிற கொஞ்சம் பன்றிக்கே பற்றாது.

இதையெல்லாம் கேட்டு, வெட்டுப்பட்ட காடு வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உண்மையில் அந்த முடிவுதான் எனக்கு ரம்பத்தைவிடப் பயம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கட்டுரை, ஒரு தடவை வெட்டிய காட்டில் 85 முதல் 100 சதவீத இனங்கள் தங்கிவிடுவதாகச் சொல்கிறது. போர்னியோவில் மலேசியாவுக்குச் சொந்தமான சபா மாநிலத்தில், வெட்டுப்படாத டானும் பள்ளத்தாக்குக் காட்டை ஒட்டிய இரண்டு தடவை வெட்டிய காட்டில்கூட முக்கால்வாசிக்கு மேல் பறவை இனங்களும் சாணவண்டு இனங்களும் இருந்தன. அப்படிப்பட்ட காட்டைத்தான் "சீரழிந்த நிலம்" என்று கோப்பில் எழுதி எண்ணெய்ப் பனைத் தோட்டமாக்கினார்கள். பனைவரிசைக்குள் அந்த இனங்களில் மிகச் சிலவே பிழைக்கும்.

லாரிக்குப் போட்ட பாதை வழியாக வேட்டைக்காரர் வருவார், பிறகு தீயும் வரும். 1982–83 வறட்சியில் போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் கலிமந்தானில் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. வெட்டுப்பட்டுக் காய்ந்து கிடந்த காடுகளில் அடி பலமாக விழுந்தது.

இருவாச்சிப் பறவையைச் சொல்லி விடைபெறுகிறேன். பெட்டை பெரிய மரத்துப் பொந்துக்குள் போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஒரு கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டும். சபாவின் கினபதாங்கன் ஆற்றோரக் காடு பல தடவை வெட்டுப்பட்டது. அங்கே பழம் இருக்கிறது, இருவாச்சியும் இருக்கிறது. அத்தனை பெரிய பொந்துக்குத்தான் பஞ்சம். அதனால் உயரமான மரங்களில் ஆட்கள் ஏறிப் பெட்டிகளைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். சில ஜோடிகள் குடியேறிக் குஞ்சும் பொரித்திருக்கின்றன. இன்று நிற்கும் கன்று பருத்து அதில் ஒரு பொந்து விழ எத்தனையோ தலைமுறை ஆகும். அதுவரை பெட்டிதான்.

வணக்கம்.