ஆறு விட்டுப்போன தெருக்கள்

வணக்கம் நேயர்களே. தென் சீனாவில் இருக்கிற குவாங்சோ என்றதும் நம் ஊர் வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவது கேன்டன் ஃபேர்தான். 1957இலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிற அந்தக் கண்காட்சிக்குப் போவார்கள், அரங்கு, ஹோட்டல், மொத்த விற்பனைக் கடைகள், விமான நிலையம், அவ்வளவுதான், திரும்பிவிடுவார்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் கட்டடமெல்லாம் பெரிசு பெரிசா இருக்கு என்பார்கள். எனக்கு அதைக் கேட்கவே வருத்தமாக இருக்கும். 2020 கணக்கெடுப்பில் ஒரு கோடியே 86 லட்சம் பேர் இருந்த மாநகரம் அது, ஆனால் அதன் நடுப்பகுதி 2,200 வருடமாக இடம் மாறவே இல்லை. மாறியது ஆறுதான். முத்து ஆறு வண்டலைப் போட்டுப் போட்டுத் தெற்கே ஒதுங்கிக்கொண்டே போக, அது விட்ட இடத்திலெல்லாம் ஜனங்கள் தெரு போட்டுக் குடியேறினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் அந்த ஊர் வேறு மாதிரி தெரியும்.

பெய்ஜிங் சாலையில் ஆரம்பியுங்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், குவாங்சோவில் இருக்கிற கடைவீதிதான். செருப்புக் கடை, ஐஸ்கிரீம் கடை, பாட்டுச் சத்தம், ஒரே கூட்டம். அந்தத் தெருவின் நடுவே கண்ணாடி போட்டு மூடிய நீளமான பள்ளம் ஒன்று இருக்கிறது. 2002இல் தெருவைச் சீரமைக்கத் தோண்டியபோது அடியில் பழைய சாலை, அதற்கும் அடியில் இன்னொரு சாலை என்று தாங் வம்சக் காலம் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு) தொடங்கி, மன்னராட்சி முடிந்தபின் வந்த சீனக் குடியரசுக் காலம் வரைக்கும் 11 அடுக்குகள் கிடைத்தன. எல்லாம் ஒரே தெரு. ஆயிரம் வருடமாக அதே இடத்தில் மேலே மேலே போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் செங்கல் ஒரு வரிசை, கல் ஒரு வரிசை என்று தெளிவாகவே தெரியும். பக்கத்திலேயே, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தப் பகுதியை ஆண்ட நான்யுவே அரசர்களின் அரண்மனை இருந்த இடம் அருங்காட்சியகமாக இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் ஐந்து தேவர்கள் கோயில். ஐந்து தேவர்கள் ஐந்து ஆடுகளின் மேல் ஏறி, கையில் நெற்கதிரோடு வந்து ஊரின் பஞ்சத்தைத் தீர்த்தார்கள் என்பது குவாங்சோவின் கதை. கோயிலுக்குள் ஒரு சின்னக் குளம், அதில் செம்மணல் பாறை, பாறையில் பாதம் மாதிரி ஒரு பெரிய குழி. தேவர் கால் பட்ட இடம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். நிலவியல் அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டு, இது ஆற்றுத் தண்ணீர் அரித்த குழி, ஏறத்தாழ 1,600 வருடத்துக்கு முன்னால் இதுதான் ஆற்றங்கரை, இங்கே படகுத்துறை இருந்தது என்றார்கள். எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும், ஆனால் சுற்றி அடுக்குமாடி வீடுகள், மாடியில் துணி காய்கிறது, அந்த நடுவில் நின்றுகொண்டு இங்கே படகு கட்டினார்கள் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

அதற்குப் பக்கத்துத் தெருவில் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல், சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. அதன் மினாரா 36 மீட்டர் உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய உருளை. எப்போது கட்டியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அன்றைக்கு ஆறு பக்கத்தில் இருந்ததால் கலங்கரை விளக்கமாகவும் அது பயன்பட்டது. சோங் வம்சக் காலத்துக் (10 முதல் 13ஆம் நூற்றாண்டு) குறிப்பு ஒன்று சொல்கிறது: சீனக் கணக்கில் ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் வந்துவிட்டால் வெளிநாட்டு வணிகர்கள் விடியற்காலையில் அதன் உச்சிக்கு ஏறி, காற்று வரவேண்டும் என்று உரக்க வேண்டுவார்களாம். எந்தக் காற்று? நமக்குக் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னும் மேற்கே, பச்சை மாணிக்க வளையல் கடைகள் நிறைந்த சந்துகளுக்குள் ஹுவாலின் கோயில். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாக வந்த போதிதர்மர் 6ஆம் நூற்றாண்டில் கரையிறங்கிய இடம் இதுதான் என்பது மரபு. இன்றைக்கு ஆற்றைத் தேடி அங்கிருந்து நன்றாகவே நடக்க வேண்டும். தமிழர்கள் கண்டிப்பாகப் போக வேண்டிய சந்து, கண்காட்சிக்குப் போகிறவர்களில் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்றால், நான் விசாரித்தவரையில் இல்லை.

அப்புறம் தெற்கே இறங்கினால் பதின்மூன்று வணிக நிலையங்கள் தெரு. 1757 முதல் 1842 வரை மேலை நாட்டு வணிகர்களுக்கு சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் குவாங்சோ, அவர்கள் தங்க அனுமதித்தது இங்கே ஆற்றோரத் துண்டு நிலத்தில் மட்டும். 1856இல் எல்லாம் எரிந்துபோனது. இப்போது ஆயத்த ஆடை மொத்தச் சந்தை, விடியும் முன்பே மூட்டையும் தள்ளுவண்டியுமாகக் களைகட்டிவிடும், திருப்பூர்க்காரர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும். ஷாமியன் தீவு இதற்குப் பக்கம்தான். அழகான ஐரோப்பியக் கட்டடங்கள், ஆலமர நிழல், படம் எடுக்க நல்ல இடம். எனக்கு அங்கே அரைமணி நேரம் போதும்.

மிச்ச நேரத்தை என்னிங் சாலைக்குக் கொடுங்கள். 1918இல் கோட்டைச் சுவரை இடித்துச் சாலை போடத் தொடங்கியபின், மாடி முன்னால் நீட்டி நிற்க அதன் கீழேயே நடைபாதை போகிற கடை வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள், வெயிலானாலும் மழையானாலும் குடை இல்லாமல் தெரு முழுக்கப் போகலாம். உள்சந்துகளில் வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். முன்னால் ஒரு அரைக்கதவு, பின்னால் கனமான மரக்கதவு, நடுவில் உருண்டைக் கட்டைகளைக் கிடைமட்டமாக அடுக்கிய ஒரு கம்பிக்கதவு போன்ற மரச்சட்டம், அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பெரிய கதவைத் திறந்துவைத்து இதை மட்டும் சாத்தினால் காற்று வரும், திருடன் வரமாட்டான். கட்டைகளை ஒற்றைப்படையில் வைப்பதுதான் வழக்கம்.

இந்தச் சாலையில் ஒரு பகுதியை, யுங்சிங் ஃபாங் என்பதை, 2016இல் புதுப்பித்துக் காபிக் கடைகளுக்கு விட்டார்கள். இடிக்காமல் விட்டார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் குடியிருந்தவர்களில் பலர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள், சுவர் மட்டும் பழசாக இருந்தால் அதைப் பழைய தெரு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அங்கேயே நின்றுவிடாமல் பக்கத்துச் சந்துகளுக்குப் போங்கள், செம்புப் பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்கும், பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். சாங்ஷோ சாலை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். வெயில் காலத்தில் வேண்டாம், இலையுதிர்காலக் கண்காட்சிக்கு விசா எடுக்கும்போதே இரண்டு நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.