பத்து மணிக்குப் பூங்காவைத் திறந்துவிடுங்கள்

(ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கிளினிக்கை அரை நாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் டாக்டர் அவர்களே, பந்தலும் மோரும் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, போன வருடமும் இதே நாற்காலியில் அமர்ந்து என்னைப் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பின்வரிசையில் நிற்கும் பெற்றோர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மோர் குடிக்கும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

வைட்டமின் சி, டி, பி12 மூன்றையும் பேசுவேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். சரி, சி-யில் ஆரம்பிக்கிறேன்.

என் அக்கா பேரனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். வெள்ளையாக இருந்தால்தான் சாப்பிடுவான். இட்லி, பால், தாளிக்காத தயிர்சாதம், அப்புறம் ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட். அது உடைந்திருந்தால் பாக்கெட்டோடு தூக்கி எறிவான். அக்கா சும்மா இருப்பாளா? கேரட்டை மைபோல அரைத்து இட்லி மாவில் கலந்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தட்டைக் கவிழ்த்தான். ஒரு மாதம் இட்லியும் போச்சு! சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

அப்புறம் பையன் நடக்க மறுத்தான். காலைத் தொட்டால் அலறினான். தலையைச் சுவரில் முட்டினான். போன இடமெல்லாம் "ஆட்டிசம் அதிகமாகிவிட்டது" என்றார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. ஆறு வாரம் கழித்து, வயதான குழந்தை மருத்துவர் ஒருவர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. "என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஸ்கர்வி! வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாக்கிய கப்பல்காரர் நோய், நெல்லிக்காய் விளைகிற நம் ஊரில். வைட்டமின் சி கொடுத்து இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான். முட்டுவதும் குறைந்தது. ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையின் வலியை நாம் ஆட்டிசக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். ஸ்பீச் தெரபி என்கிற பேச்சுப் பயிற்சி சித்திரம். ஈறும் எலும்பும் சுவர்.

டி-க்கு வருவோம். இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறையக் குறைய அறிகுறியும் கடுமை என்கின்றன சில. ஆனால் எது முதல்? சத்தத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கு வெயில் ஏது? டி கொடுத்ததில் ஆட்டிசம் குறைந்தது என்று 2016-இல் எகிப்திலிருந்து வந்த ஆய்வை, வெளியிட்ட இதழே 2019-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தி மட்டும் வாட்ஸ்அப்பில் வருவதில்லை! டி கொழுப்பில் கரைவது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதைக் கொடுங்கள், மருந்துக்கடைக்காரர் சொன்னதை அல்ல.

வெயில் என்றேன் இல்லையா? தலைவர் அம்மா கவனிக்க வேண்டும். தோலில் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் காலை பத்திலிருந்து மூன்று வரைதான் தாராளம். நம் பூங்காவோ ஒன்பதுக்குப் பூட்டி நாலுக்குத் திறக்கிறது. அப்போது ஊஞ்சலுக்குச் சண்டை. எங்கள் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும். வாரம் மூன்று நாள், பத்து முதல் பதினொன்று வரை, எங்களுக்குத் திறந்துவிடுங்கள். கேட்டை உள்பக்கம் தாழ்போட விடுங்கள். போன வருடம் கேட்டதற்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. சித்திரம் கேட்கவில்லை அம்மா, சுவர்தான் கேட்கிறோம்.

பி12-க்கு நேரமில்லை என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மனு இதோ, 62 கையெழுத்து. பூங்கா வாட்ச்மேன் அதோ மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பேசிவிட்டேன், சாவி தர அவருக்குச் சம்மதம்.