கையில் இருக்கும் கைப்பேசியும் மலையில் இருக்கும் டப்பாவும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் மொரிஷியஸ் தீவின் லெ பூஸ் மலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறும்போது, பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் சிலரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்கள் எதையும் தொலைத்தவர்கள் அல்லர். முன்பின் தெரியாத ஒருவர் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்திருக்கும் ஒரு டப்பாவைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரையும் தேதியையும் எழுதி, இருந்தபடியே மூடி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஜியோகேச்சிங் என்பது அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டு மே 2 வரை, செயற்கைக்கோள்களின் உதவியால் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ்.ஸின் பொதுமக்களுக்கான அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும் கருவியைக் கொண்டு டப்பாவைத் தேட முடியாது. அந்தப் பிழை நீக்கப்பட்ட மறுநாளே ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டுக்குள் வைத்து, அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு அங்கிருந்து தொடங்கியது.

இதைப் பற்றிப் பேசினால் என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்பதே. முதல் பத்து டப்பாக்களைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். உங்கள் கைப்பேசி போதும். இணையத் தொடர்பு இல்லாத பள்ளத்தாக்கில் கைப்பேசியால் இடத்தை அறிய முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் அலைகள் கிடைத்தால், இணையம் இல்லாமலேயே அது தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இணையம் தருவது இரண்டு உதவிகளைத்தான்: வரைபடமும், செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற முன்னறிவிப்பும். எனவே வரைபடத்தையும் டப்பாவின் விவரங்களையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, வானம் திறந்திருக்கும் சாலையோரத்தில் இந்த விளையாட்டின் செயலியை ஒருமுறை இயக்கிவிட்டுக் காட்டுக்குள் நுழையுங்கள்.

கருவியைவிட அதில் நாம் தட்டும் எண்களே அதிகமாகக் கெடுக்கின்றன. நான் முதன்முதலில் எண்களைப் பதிந்தபோது தெற்கைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டேன். கைப்பேசி நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஓமான் நாட்டுப் பாலைவனத்துக்கு வழி காட்டியது. நாம் தெற்கே 20 பாகையில் வாழ்கிறோம், வடக்கே அதே 20 பாகையில் இருப்பது ஓமான். இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தவறு. இன்னொன்று அவ்வளவு எளிதில் பிடிபடாது. இந்த விளையாட்டில் இடத்தைப் பாகையாகவும் கலையாகவும் எழுதுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. தெற்கே 20 பாகை 11.9 கலை, கிழக்கே 57 பாகை 31.7 கலை என்பது லெ பூஸ் பக்கத்தைக் குறிக்கும். அதையே 20.119, 57.317 என்று பாகைத் தசமமாகப் பதிந்தால், போர்ட் லூயிசுக்கு மேற்கே கடலுக்குள் போய்விடுவீர்கள். ஆனால் கலையில் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகரும் என்பதால், கடைசி எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

திசைகாட்டியை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. நம் தீவின் பாறை எரிமலைக் கருங்கல். அதில் உள்ள இரும்புத் தாதுக்கள் காந்த ஊசியைச் சற்றே ஏமாற்றும். காந்தப் பூட்டு வைத்த கைப்பேசி உறை அதைவிட அதிகமாக ஏமாற்றும். அம்புக்குறி தடுமாறினால் நின்றுகொண்டு பார்க்காமல், பத்து இருபது அடி நேராக நடந்து பாருங்கள், நகரும்போதுதான் ஜி.பி.எஸ்.ஸுக்குத் திசை தெரியும்.

பணம் செலவழிக்க விரும்புபவர்கள் முதலில் பவர் பேங்க் வாங்கலாம். வெயிலில் பார்ப்பதற்காகத் திரையின் ஒளியைக் கூட்டினால் பேட்டரி மிக வேகமாகத் தீரும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு ஒரு நாளுக்குத் தாராளம். அடுத்தது நெற்றியில் கட்டும் விளக்கு. ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மேலும் பட்டப்பகலிலும் பாறைப் பொந்துக்குள் பார்க்க விளக்கு வேண்டும், இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். நீர்புகா உறை நம் மழைக்கு அவசியம்.

தனி ஜி.பி.எஸ். கருவி யாருக்கு வேண்டும்? பிளாக் ரிவர் பள்ளத்தாக்கிலோ, அண்டைத் தீவான ரீயூனியனின் மாஃபாத் போன்ற மலைச்சூழலிலோ பகல் முழுவதும் நடப்பவர்களுக்கு. மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படிவதில்லை, பொத்தான் கீழ்ப்படியும். சாதாரண பேட்டரிகளைக் காட்டின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது கைப்பேசியைவிடத் துல்லியமானது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். செங்குத்துப் பாறைகளில் பட்டுத் திரும்பிவரும் அலைகள் இரண்டையுமே குழப்பும். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி, அது கைப்பேசியோ தனிக் கருவியோ, அந்தக் குழப்பத்தை ஓரளவு சமாளிக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இனி நீங்களே ஒரு டப்பாவை மறைக்க நினைத்தால், கருவியிடம் சற்று அதிகமாக எதிர்பார்க்க வேண்டும். மறைப்பவருக்கு ஐந்து மீட்டர் பிழை, தேடுபவருக்கு இன்னொரு ஐந்து மீட்டர் என்றால், தேடுபவர் பத்து மீட்டர் புதரைப் புரட்டுவார், செடிகள்தாம் சாகும். ஆகவே கருவியைக் கல்லின்மேல் சில நிமிடங்கள் அசையாமல் வைத்து, வேறொரு நாளில் மறுபடியும் அளந்து, இரண்டின் சராசரியை அறிவியுங்கள். அருகிலுள்ள வேறு டப்பாவுக்கு 161 மீட்டருக்குள் வைக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். கோர் தெ கார்ட் மலையில் முருகன் கோவிலுக்குப் படியேறும் பக்தர்களின் வழியில், நம்மவர்கள் யாரும் வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நன்றி. வணக்கம்.